திருவுளச்சீட்டும் ஒப்புதல் படிவமும்

அவைத்தலைவர் அவர்களே, மருத்துவ மாணவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் நோயாளர் குடும்பத்தினரே, வணக்கம். மருத்துவ ஆய்வாளர்களுக்கும் ஆய்வில் பங்கேற்கும் நோயாளிகளுக்கும் இடையிலான உரையாடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

காசநோய் கண்டவர் சானடோரியத்தில், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் மருத்துவமனையில், சேர்ந்தால்தான் தேறுவார் என்று பரவலாக நம்பப்பட்ட காலத்தில், 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலுமாக ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் இருந்தன. வீட்டிலோ நெரிசலும் அரைவயிற்றுச் சோறும். ஆனாலும் 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்திருந்தார்கள்.

அந்த ஆய்வின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அது கண்காணிப்புதான்; அதை உரையாடல் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வயிற்றைப் புரட்டும் 'பாஸ்' என்ற காசநோய் மருந்தை ஒருவர் ஏன் விழுங்காமல் விடுகிறார் என்று அறிய, அவர் வீட்டு வாசற்படி ஏறுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்று விதிகள் இருக்கின்றன. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் ஒரு சாமானியர் இருந்தாக வேண்டும்; தகவல் தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இரண்டு மருந்துகளை ஒப்பிட நாங்கள் நடத்திய ஓர் ஆய்வின் தாளில், 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று எழுதியிருந்தோம். தமிழ்தான்; பிழையும் இல்லை. அதைப் படித்துக் கையெழுத்திட்ட ஓர் அம்மா, "என் உடம்புக்கு எது ஒத்துக்கும்னு பார்த்து டாக்டர் எழுதுவாரு" என்றார். ஆய்வின் அடிப்படையே அவரிடம் தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பதுபோல என்று விளக்கியதும், "அப்போ எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டார். தெரியாது, தெரியாததால்தான் ஆய்வு. அந்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுத எங்களுக்குத்தான் மனம் வரவில்லை.

முடிவுகளைத் திருப்பிச் சொல்வதில் எங்கள் நிலை இன்னும் மோசம். ஆய்விதழில் ஆங்கிலக் கட்டுரை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலோர் நினைக்கிறோம். எங்களுடைய அந்த ஆய்வு முடிந்தபோது பங்கேற்றவர்களை அழைத்து, ஒரு பக்கத் தமிழ்த் தாளைக் கொடுத்தோம். சராசரியும் சதவீதமும் அதில் ஒழுங்காக இருந்தன. அதே அம்மா தாளை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீட்டுல எனக்கு எந்த மருந்து விழுந்துச்சு?" என்றார். அந்தப் பதில் இருந்த கோப்பினை நாங்கள் எடுத்துச் செல்லவே இல்லை.