அலசு நீரோடு போகும் நிக்கல்

நேயர்களுக்கு வணக்கம். கடலூரிலோ புதுச்சேரியிலோ நிக்கல் முலாம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த உரை. முலாம் தொட்டியிலிருந்து எடுத்த பொருளை அலசுகிறோமே, அந்த அலசு நீரில்தான் காசு கொடுத்து வாங்கிய நிக்கல் போகிறது. ஆற்றில் விடும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் நிக்கல் இருக்கக்கூடாது என்கிறது சட்டம்.

உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளை உருளையில் நிரப்பி, அலசு நீரை அதன் வழியே விடலாம். 50 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 500 லிட்டர் நீர் போதும். அவசரப்பட்டால் நிக்கல் பிடிபடாமல் நழுவும். முதலில் எண்ணெயையும் தூசியையும் வடிகட்டுங்கள். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5 அளவில் இருக்கட்டும். குரோமியம் தொட்டியின் அலசு நீரைக் கலக்கவே கூடாது; குரோமேட் ரெசினை அரித்துவிடும். வெளியே வரும் நீரில் கொஞ்சம் எடுத்து, அம்மோனியாவும் டைமெத்தில்கிளையாக்சைம் கரைசலும் சில சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் நிக்கல் பிடிபடாமல் வெளியே வருகிறது, அதாவது ரெசின் நிறைந்துவிட்டது.

இனிதான் கவனம் வேண்டும். ரெசின் மறுபடி உழைப்பது நாம் கழுவும் விதத்தைப் பொறுத்தது. அடியிலிருந்து மேலாக நீர் விட்டு அழுக்கை நீக்குங்கள். பிறகு 10 சதவீதக் கந்தக அமிலம் 100 முதல் 150 லிட்டர், மணிக்கு 100 லிட்டர் வேகத்தில். கரைசல் தயாரிக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பச்சையாக இறங்கும் அந்தக் கரைசல் நிக்கல் சல்பேட். அதைச் சாக்கடையில் விட்டால், அலசு நீரை நேரே உப்பனாற்றில் விட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தனித் தொட்டியில் சேர்த்து, சோதித்துச் சுத்தம் செய்து, முலாம் தொட்டிக்கே திருப்பலாம்.

அமிலம் போகக் கழுவி, பிறகே ரெசினை அடுத்த சுற்றுக்குத் தயார்படுத்த 4 சதவீதக் காஸ்டிக் சோடா விடுங்கள். கழுவாமல் விட்டால் மிச்ச நிக்கல் மணிக்குள்ளேயே ஹைட்ராக்சைடாக உறைந்து துளைகளை அடைக்கும். காஸ்டிக் கரைக்க நம் கடலோர போர் தண்ணீர் உதவாது. கடினத்தன்மை வெள்ளைப் படிவாக இறங்கும், மென்னீர் வேண்டும். சோடாவில் மணிகள் உப்பும் என்பதால் உருளையை முழுக்க நிரப்பாதீர்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை லிட்டர் ஓடியதென்று நோட்டில் எழுதுங்கள். எண் சட்டென்று இறங்கினால் எண்ணெயோ இரும்போ படிந்திருக்கும். மெல்ல மெல்ல இறங்கினால் ரெசினுக்கு வயதாகிவிட்டது. பழைய ரெசினும் அபாயகரமான கழிவுதான். அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும்.