ரியெச், ரெச், ரிச்

எல்லோருக்கும் வணக்கம். சிறுபான்மை மக்களின் பத்திரிகைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உலகத்தில் உள்ளதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தால் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரே ஒரு வாரப் பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செர்பியாவின் வடகோடியில், ஹங்கேரி எல்லையை ஒட்டி, சுபோட்டிட்சா என்றொரு ஊர் இருக்கிறது. வொய்வொதினா மாகாணம். அங்கே வாழும் குரோஷியர்களுக்காக வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது இந்தப் பத்திரிகை. பெயர் 'ஹ்ர்வாட்ஸ்கா ரியெச்', அதாவது 'குரோஷியச் சொல்'.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். ஆஸ்திரியாவின் புர்கன்லாந்திலும் குரோஷிய வாரப் பத்திரிகை வருகிறது, ஹங்கேரியிலும் வருகிறது. அங்கே அக்கம்பக்கத்தார் ஜெர்மனோ ஹங்கேரியனோ பேசுகிறார்கள். குரோஷிய மொழியில் அச்சடித்த தாள் அவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது. ஆகவே தனிப் பத்திரிகை ஏன் என்ற கேள்வியே எழாது. சுபோட்டிட்சாவில் கதை வேறு. செர்பியரும் குரோஷியரும் பேசுவது ஒருவருக்கொருவர் அப்படியே புரியும். ரொட்டியைச் செர்பியர் 'ஹ்லெப்' என்பார், குரோஷியர் 'க்ரூஹ்' என்பார். ரயில் செர்பியருக்கு 'வோஸ்', குரோஷியருக்கு 'வ்லாக்'. சிரிலிக் எழுத்து செர்பியருக்கு உண்டு, குரோஷியருக்கு இல்லை. ஆனால் செர்பியர் லத்தீன் எழுத்தையும் சரளமாகப் படிப்பார்கள். குரோஷியப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுச் செர்பியர் வாங்கினால் கடைசிப் பக்கம் வரை தடையில்லாமல் வாசிக்கலாம்.

சரி, அப்படியானால் தனியாக ஒரு பத்திரிகை எதற்கு?

பதில் தலைப்பிலேயே இருக்கிறது. 'சொல்' என்பதற்கு குரோஷிய மொழியில் 'ரியெச்'. செர்பியத்தில் 'ரெச்'. சுபோட்டிட்சா பகுதியின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டில் பேசும் பேச்சிலோ அது 'ரிச்'. ஒரே சொல், நடுவில் உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. அந்த உயிரைக் கேட்டாலே பேசுகிறவர் யார் என்று ஊரார் கண்டுகொள்வார்கள். இந்தப் பத்திரிகைக்காரர்கள் அதையே கொட்டை எழுத்தில் முதல் பக்கத்தின் உச்சியில் போட்டுவிட்டார்கள்.

தேதியிலும் இது தெரியும். செர்பியர்களுக்கு ஜனவரி 'யானுவார்', ஜூலை 'யூல்'. குரோஷியர்கள் ரோமானியப் பெயர்களை விட்டுவிட்டு மண்ணிலிருந்து பெயர் எடுத்தார்கள். ஏப்ரல் புல் முளைக்கும் மாதம், ஜூன் லிண்டன் மரத்தின் மாதம். ஜூலை அரிவாள் மாதம், ஆகஸ்ட் வண்டி ஓட்டும் மாதம், அதாவது கதிரை வீட்டுக்குக் கொண்டுவரும் மாதம். அக்டோபர் இலையுதிர்வு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை விளையும் சமவெளி. அங்கே அரிவாள் மாதம் என்றால் அகராதிச் சொல் இல்லை. அறுவடை முடிந்ததும் 'துஜியான்ட்சா' என்று ஒரு நன்றித் திருவிழா. கோதுமைத் தாளில் கிரீடம் பின்னிக் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். வயலில் முன்னால் நின்று அறுத்தவனுக்கு 'பந்தாஷ்' என்று பெயர். அவனும் அவன் துணையும்தான் அன்றைக்கு நாயகர்கள். 1911இல் பாதிரியார் பிளாஷ்கோ ராயிச் இதை வீட்டு முற்றத்திலிருந்து தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார். தலைநகரத்துப் பெரிய பத்திரிகைக்கு இது ஒரு படமும் இரண்டு வரியும். ஊர்ப் பத்திரிகைக்கு யார் வீட்டுப் பிள்ளை பந்தாஷ், கிரீடம் பின்னியது யார் என்பதெல்லாம் செய்தி.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இந்த மக்களின் பத்திரிகைத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே அவர்களுடைய 150 வருடச் சரித்திரம் தெரிந்துவிடும். 1870இல் இவான் அந்துனோவிச் என்ற பாதிரியார் (பின்னாளில் ஆயர் ஆனவர்), அப்போது ஹங்கேரி ராஜ்யத்தில் இருந்த கலோச்சாவிலிருந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர், 'புன்யேவட்ஸ், ஷோகட்ஸ் செய்தித்தாள்'. புன்யேவட்ஸ் மக்கள் 17ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள்; ஷோகட்ஸ் மக்கள் தன்யூப் நதிக்கரைக்காரர்கள். இரண்டு கூட்டமும் கத்தோலிக்கர்கள். பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் ஹங்கேரிய மொழிக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆயருக்குக் கவலை. தலைப்பில் இரண்டு பெயர்களும் இருந்தன, குரோஷியர் என்ற சொல் இல்லை. பத்திரிகை அதிக காலம் ஓடவில்லை.

1945இல் யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி. இவ்விரு பிரிவினரையும் குரோஷியர் என்றே பதியச் சொல்லி மே மாதம் ஆணை வந்தது. அதே வருடம் சுபோட்டிட்சாவில் முதல் 'ஹ்ர்வாட்ஸ்கா ரியெச்' தொடங்கியது. 1956இல் அதன் பெயர் 'சுபோட்டிட்சா செய்தித்தாள்' ஆனது. யாரும் பத்திரிகையை மூடவில்லை, தடை செய்யவில்லை. தலைப்பிலிருந்து மக்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரின் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். எனக்கென்னவோ, பூட்டுப் போடுவதைவிட இது கெட்டிக்காரத்தனமான வேலை என்று தோன்றுகிறது.

யூகோஸ்லாவியா உடைந்த 1990களின் போரைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 1992 மே மாதம் வொய்வொதினாவின் ஹ்ர்ட்கோவ்ட்சி கிராமத்தில் செர்பிய தேசியவாத அரசியல்வாதி வொய்ஸ்லாவ் ஷெஷெல் பேசிய பேச்சும், அதைத் தொடர்ந்து அங்கிருந்து குரோஷியர்கள் வெளியேறியதும் ஹேக்கில் உள்ள சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றம் வரை போனது. 2018இல் மேல்முறையீட்டில் ஷெஷெலுக்குத் தண்டனை வந்தது.

செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆட்சி மாறியபின், 2002இல் தேசியச் சிறுபான்மையினருக்கான சட்டம் வந்தது. அந்த வருடக் கடைசியில் குரோஷியர்கள் தங்களுக்கென்று தேசிய மன்றம் அமைத்தார்கள்; ஒரு சிறுபான்மையின் கல்வி, பண்பாடு, பத்திரிகை விஷயங்களைக் கவனிக்கும் அமைப்பு அது. 2003 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை, புதிய 'ஹ்ர்வாட்ஸ்கா ரியெச்' இதழ் வந்தது. பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பணம் அரசு வரவுசெலவிலிருந்து வருகிறது. உரிமை தேசிய மன்றத்தின் கையில். மன்றத்தில் நடப்பதுதான் சமூகத்தின் பெரிய செய்தி. அதை எழுத வேண்டிய ஆசிரியரை நியமிப்பதும் மன்றம். எஜமானைப் பற்றி எழுதும்போது யாருக்கும் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். இந்த முடிச்சு எல்லாச் சிறுபான்மைப் பத்திரிகைக்கும் உண்டு, விளம்பர வருமானம் இல்லாத இடத்தில் இன்னும் இறுகும்.

வாசகர்களும் குறைகிறார்கள். 2002 கணக்கெடுப்பில் செர்பியா முழுக்கக் குரோஷியர்கள் 70,602 பேர். 2022இல் 39,107. இருபது வருடத்தில் பாதியை நெருங்கும் சரிவு. முதுமை, வெளிநாட்டு வேலை என்று காரணங்கள் பல.

இன்னொரு பக்கம், புன்யேவட்ஸ் மக்களில் ஒரு பகுதியினர் 'நாங்கள் குரோஷியர் இல்லை, தனி இனம்' என்கிறார்கள். 1991 கணக்கெடுப்பிலேயே அவர்களுக்குத் தனிப் பத்தி கொடுத்தாயிற்று. அவர்களுக்கும் தேசிய மன்றம் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. பெயர் 'புன்யேவட்ஸ் செய்தித்தாள்'. ஆயரின் 1870 தலைப்பில் முதல் பாதி. 2021இல் சுபோட்டிட்சா நகர மன்றம் செர்பியம், ஹங்கேரியம், குரோஷியம் மூன்றோடு புன்யேவட்ஸையும் ஆட்சிமொழி ஆக்கியது. குரோஷியத் தரப்பு கடுமையாக எதிர்த்தது: அது எங்கள் மொழியின் வட்டார வழக்கு, தனி மொழி அல்ல என்றார்கள். அந்த வழக்கில்தான் 'ரிச்' என்கிறார்கள் என்று முன்னால் சொன்னேன்.

சிறுவர்களுக்காக 'ஹர்ட்ஸ்கோ' என்று ஒரு இதழையும் 'ஹ்ர்வாட்ஸ்கா ரியெச்' நிறுவனம் போடுகிறது. 2002இலிருந்து சுபோட்டிட்சாவின் சில பள்ளிகளில் குரோஷிய மொழியில் வகுப்புகள் நடக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். பாட்டி பேசும்போது 'ரிச்' என்று காதில் விழும். பள்ளியில் டீச்சர் 'ரியெச்' என்று எழுதச் சொல்வார். மாலையில் தெருவில் சேர்ந்து பந்து விளையாடும் கூட்டாளி 'ரெச்' என்பான். மூன்றும் அந்தக் குழந்தைக்குப் புரியும்.