கூடம் கோணல்தான், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த நேரம் கொஞ்சம்தான், நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பெரிய நிறுவனங்களில் ஊழியர்களை அதிகம் வாட்டுவது வேலைச்சுமையா, அலுவலக அரசியலா? இதுதான் தலைப்பு. அரசியலேதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மா கையில் கணக்கோடு வந்தார். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கு அது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016 என்ற ஒரே வருடத்தில் 7,45,000 பேர் இறந்தார்கள் என்றார். அரங்கம் அப்படியே அமைதியாகிவிட்டது. நானும்தான். அந்த எண்ணை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த 55 மணி நேரமும் வேலைதானா? மாலை ஆறு மணிக்கு ஒருவருக்கு வேலை முடிந்துவிட்டது. கிளம்ப வேண்டியதுதானே? கிளம்ப முடியவில்லை. ஏன்? மேனேஜர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் ஏன் எழுந்திருக்கவில்லை? அவருடைய மேனேஜரின் அறையில் விளக்கு எரிகிறது. அந்தப் பெரியவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? வெளியே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது நாம் மட்டும் எப்படிப் போவது என்று அவர் உட்கார்ந்திருக்கிறார்! மூன்று பேருக்குமே வேலை ஆறு மணிக்கு முடிந்துவிட்டது. மூன்று வீட்டிலும் காத்திருக்கிறார்கள். இந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரியிலிருந்து, 50 ஊழியர்களோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனங்கள் வேலை நேரம் முடிந்த பிறகு மெயிலையும் போனையும் விட்டு விலகி இருக்கும் உரிமையைப் பற்றி ஊழியர்களோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று சட்டமே வந்தது. ஆஸ்திரேலியாவும் 2024-இல் இப்படி ஓர் உரிமையைச் சட்டமாக்கியது. ராத்திரி பத்து மணிக்கு வரும் மெயிலுக்குப் பதில் போட இரண்டு நிமிடம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிட வேலைக்காகவா சட்டம் போட்டார்கள்? பதில் போடாதவன் பெயர் நினைவில் வைக்கப்படும் என்ற பயத்துக்காகப் போட்டார்கள். அந்தப் பயம் எங்கள் அணியின் கட்சி, அம்மா.

சரி, எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம்.

ஒரு திட்டம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது. ஏன் என்று கண்டுபிடித்து அறிக்கை கொடு என்று நண்பரிடம் ஒப்படைத்தார்கள். மனிதர் வாரக்கணக்கில் உட்கார்ந்தார். ஒவ்வொரு துறையாகப் போய்க் கேட்டார், பழைய மெயில்களைத் தோண்டினார், கடைசியில் பிடித்துவிட்டார். இரண்டு துறைகள் ஒரே அனுமதியைத் தனித்தனியாக வாங்குகின்றன. அதனால் ஒவ்வொரு கோப்பும் இரண்டு தடவை மேலே போய் இரண்டு தடவை கீழே வருகிறது. இதை ஒரு படமாகப் போட்டார். அறிக்கையின் ஏழாம் பக்கம். அந்த ஏழாம் பக்கத்தில்தான் மொத்த அறிக்கையின் உயிர் இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு முடித்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தார்.

காலையில் மீட்டிங். இயக்குநரே வந்து உட்கார்ந்திருக்கிறார். திரையில் அறிக்கை விரிகிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர். மேனேஜர் பெயர்!

நண்பர் கடைசி வரிசையில் இருக்கிறார். போகட்டும், விஷயம் போய்ச் சேர்ந்தால் சரி என்று பேசாமல் இருந்தார். முதல் பக்கம் ஓடியது. ஆறாம் பக்கமும் ஓடியது. ஏழாம் பக்கம் வந்தது. இயக்குநர் கையைத் தூக்கினார். "இந்த அம்புக்குறி எதற்காக மறுபடியும் மேலே போகிறது?"

மேனேஜர் திரையைப் பார்த்தார். அம்புக்குறியைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி அம்புக்குறியைப் பார்த்தார். அது இன்னமும் மேலேதான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

நண்பர் எழுந்தார். தெளிவாக, நிதானமாக விளக்கினார். இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்!" என்றார். யாரிடம் சொன்னார் தெரியுமா? மேனேஜரிடம்! "டீமை எவ்வளவு நன்றாகத் தயார் செய்திருக்கிறீர்கள்! உங்கள் அறிக்கையை உங்கள் ஆள் எவ்வளவு அழகாகச் சொல்கிறார்!"

இருங்கள், கைதட்டாதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. அடுத்த மாதம் வேறொரு கூட்டத்தில் இதே சம்பவத்தை மேனேஜர் சொல்கிறார். நண்பரும் அங்கே இருக்கிறார். "ஏழாம் பக்கத்தில் இயக்குநர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் இளையவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டாமா? அதனால் இவரை எழுப்பிவிட்டேன்." கூடியிருந்தவர்கள் எல்லோரும் நண்பரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எதற்கு? நன்றி சொல்வார் என்று! சொன்னார், ஐயா. எழுந்து நின்று நன்றி சொன்னார்.

வருடக் கடைசியில் அப்ரைசல் வந்தது. நண்பருக்கு நடுத்தர ரேட்டிங். முன்னேற வேண்டிய இடம் என்ற கட்டத்தில் மேனேஜர் எழுதியிருந்தார்: "தானாக முன்வந்து பொறுப்பு எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும்." மேனேஜருக்குப் புரமோஷன். எதற்காக? அந்த அறிக்கைக்காக. குறிப்பாக, ஏழாம் பக்கத்துக்காக!

நண்பரிடம் கேட்டேன், வாரக்கணக்கில் தூங்காமல் உழைத்தாயே, அது கஷ்டமாக இல்லையா என்று. அவர் சொன்னார்: "அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த முடிச்சு அவிழ்ந்தபோது ராத்திரி தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதே வேலையை நாளைக்குக் கொடுத்தாலும் செய்வேன். அந்த நன்றியைச் சொல்ல வைத்தார்களே, அதுதான் தாங்கவில்லை." இப்போதும் அங்கேதான் இருக்கிறார். கேட்டதைச் செய்து கொடுக்கிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர் எழுதும் அறிக்கைகள் எல்லாம் இப்போது ஆறு பக்கத்தில் முடிந்துவிடுகின்றன.

இப்போது எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரரிடம் வருகிறேன். நன்றாகப் பேசினார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அலுவலக அரசியல் என்று புலம்புகிறவர்கள் எல்லோரும் அந்த ரகம்தான், வேலை தெரியாதவர்கள்" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். சகோதரரே, எனக்கு அது வலித்தது. ஏழாம் பக்கத்தை வரைந்த மனிதருக்கா வேலை தெரியாது? கொண்டுவந்த மற்ற குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். மீதி நேரம் முழுவதும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் பதில்.

கூடத்தைக் கோணலாகவே கட்டிய நிறுவனங்கள் இருந்தன, சகோதரரே. ஜெனரல் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது ஊழியர்களை மூன்றாகப் பிரித்தார்கள். மேலே 20 சதவீதம், நடுவில் 70, அடியில் 10. அந்த அடி 10 சதவீதம் வெளியே போக வேண்டியவர்கள். பல நிறுவனங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. மைக்ரோசாஃப்டிலும் ஊழியர்களை இப்படி விகிதம் போட்டு வரிசைப்படுத்தும் முறை வெகுகாலம் இருந்தது. யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் கொண்ட டீம். பத்துப் பேருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் ஒருவருக்கு மோசமான ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. அப்போது பக்கத்து நாற்காலிக்காரர் யார்? சக ஊழியரா, போட்டியாளரா? திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலியோடு ஒரே டீமில் சேரத் தயங்கினார்கள் என்று மைக்ரோசாஃப்டில் இருந்தவர்களே பத்திரிகையாளரிடம் சொன்னார்கள். கற்றுக்கொடுத்தால் அவன் மேலே போவான், நான் கீழே போவேன். 2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த முறையைக் கைவிட்டது. கூடம் நேராகத்தான் இருந்தது என்றால் எதற்காக அதை இடித்துக் கட்டினார்கள்?

இன்னொன்று கேளுங்கள். ஆடத் தெரிந்தவர்கள், அதுவும் உலகத்திலேயே அந்த ஆட்டத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்று சொல்லத்தக்கவர்கள், கூடம் கோணல் என்று கத்திய ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

1986 ஜனவரி 27. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு கிளம்ப வேண்டும். அதன் ராக்கெட் மோட்டார்களைச் செய்தது மார்ட்டன் தியோகால் என்ற நிறுவனம். இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் நாசாவிடம் போனில் மன்றாடினார்கள். நாசா தரப்புக்கு அது பிடிக்கவில்லை. நாசா யார்? நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர். உடனே போனைத் துண்டித்துவிட்டு நிறுவனத்துக்காரர்கள் தங்களுக்குள் கூடினார்கள். அங்கே மூத்த நிர்வாகி ஒருவர் பொறியியல் பிரிவின் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். அதுவரை ஏவக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அவரும் மாறிவிட்டார். பொறியாளர்கள் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் கிளம்பும்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. 73 விநாடி. ஏழு பேரும் போய்விட்டார்கள்.

விசாரணைக் கமிஷன் என்ன எழுதியது தெரியுமா? தன் பொறியாளர்களின் கருத்துக்கு மாறாக, ஒரு பெரிய வாடிக்கையாளரின் மனம் கோணாமல் இருப்பதற்காக நிர்வாகம் நிலையை மாற்றிக்கொண்டது என்று எழுதியது. யாரும் சோம்பேறியாக இல்லை. யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை. அதோடு, கமிஷனிடம் உண்மையைச் சொன்ன பொறியாளர்களை நிறுவனம் என்ன செய்தது? ஓரங்கட்டியது! சொல்லுங்கள் சகோதரரே, அவர்களுக்கு ஆடத் தெரியாதா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, தெரிகிறது. ஒரே ஒரு நிமிடம். இதைச் சொல்லாமல் என்னால் உட்கார முடியாது.

அந்தப் பொறியாளர்களில் ஒருவர் பாப் எபெலிங். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் மனைவியிடம், அது வெடிக்கப் போகிறது என்று சொல்லியிருக்கிறார். வெடித்தது. அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்த மனிதர் தன்னையே குற்றவாளியாக நினைத்து வாழ்ந்தார். நான் இன்னும் சரியாகப் பேசியிருக்க வேண்டும், வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள் என்று. தொப்பி மாற்றச் சொன்னவர் வேறொருவர். மாற்றியவர் வேறொருவர். பாரத்தை இவர் சுமந்தார்.

2016 ஜனவரியில் அமெரிக்க வானொலி ஒன்றில் இதைச் சொன்னார். அப்போது வயது 89. கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். உங்கள்மேல் தவறு இல்லை ஐயா, நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள் என்று. முன்பின் தெரியாதவர்கள். அவருக்கு அது போதவில்லை. நாசாவிலிருந்தும் தன் நிறுவனத்திலிருந்தும் ஒரு வார்த்தை வரவேண்டும் என்று அந்த வயதிலும் ஏங்கினார். கடைசியில் வந்தது. அவருடைய பழைய மேலதிகாரி பேசினார். அந்தக் காலத்து நாசா அதிகாரி ஒருவர் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகுதான் அவர் மனபாரம் இறங்கியது. 2016 மார்ச்சில் இறந்துபோனார்.

அவர் கேட்டது சம்பள உயர்வா? லீவா? வேலையைக் குறை என்றா கேட்டார்? உன் வேலையை நீ சரியாகச் செய்தாய் என்று, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றார். அதற்காக முப்பது வருடம் காத்திருந்தார்.

இந்த அரங்கத்திலும் அப்படிக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நான் பேசும்போது சில பேர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். வேலை அதிகம் என்றால் வீட்டில் சொல்லிவிடுவீர்கள். கால் வலி, தலை வலி, டார்கெட் ஏறிவிட்டது, எல்லாம் சொல்லலாம். என் உழைப்புக்கு இன்னொருவருக்குக் கைதட்டினார்கள், நானும் எழுந்து நின்று நன்றி சொன்னேன் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வீர்கள்? உங்களை வேலை தெரியாதவர்கள் என்று இந்த மேடையில் சொன்னார்கள். இல்லை. உங்களுக்கு வேலை தெரியும். அதை இந்த மேடையிலிருந்தே நான் சொல்கிறேன்.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.