தடுத்தது ஊரா, உத்தரவா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பலதார மணத்துக்கு முடிவு கட்டுவது சட்டமா, சமூகமா?' என்று தலைப்பு கொடுத்து, ஒரு முருகன் கோயில் மேடையில் எங்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம், நடுவில் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவரை எந்த 494ஆம் பிரிவும் ஒன்றும் செய்யாது. மனைவி இருக்க இன்னொரு திருமணம் செய்வதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு அது; 2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 82ஆம் பிரிவு, ஆனால் வாய்க்குப் பழகிய 494 என்றே சொல்கிறேன். நாம் மனிதர்களைப் பேசுவோம். நான் 'சமூகமே' அணி.

எதிரணித் தலைவர் ஐயா அடுக்கடுக்காகப் பேசினார். 1949இல் சென்னை மாகாணச் சட்டம், 1955இல் இந்து திருமணச் சட்டம், மீறினால் ஏழாண்டு வரை சிறை, ஆகவே சட்டம் வந்தது, இரண்டாம் தாரம் ஒழிந்தது என்றார். ஐயா, ஒழிந்தது எது? தாலி ஒழிந்திருக்கலாம். 'சின்னவீடு' என்று ஒரு சொல் இன்னும் நம் வாயில் புழங்குகிறதே, அது எந்த வீடு?

சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் ஒருவர், மனைவி உயிரோடு இருக்கும்போதே இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1965இல் தீர்ப்பு வந்தது: ஹோமம் வளர்த்ததற்கும் ஏழடி எடுத்து வைத்ததற்கும் நிரூபணம் இல்லை, அவை வேண்டாம் என்ற வழக்கம் இருந்ததாகவும் காட்டவில்லை, எனவே அது சட்டப்படி திருமணமே இல்லை. திருமணமே இல்லையென்றால் இரண்டாம் திருமணம் எங்கிருந்து வரும்? ஆளை விட்டுவிட்டார்கள். தப்பை முறைப்படி செய்தவனுக்குச் சிறை, அரைகுறையாகச் செய்தவனுக்கு விடுதலை. ஐயரைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னால் போதும் போலிருக்கிறது!

'தமிழ்நாட்டில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டோமே' என்று அடுத்து பேச வரும் அம்மா எழுந்து சொல்லப்போகிறார். உண்மைதான், நானே சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் ஒருவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார். ஊரைப் பாருங்கள், வள்ளியைக் கைப்பிடித்த தலமாம்! தாலி கட்டினார், ஏழடி வைக்கவில்லை. தப்பித்துவிடலாம் என்று பார்த்தார். ஆனால் 2001இல் உச்ச நீதிமன்றம், 'இந்து திருமணச் சட்டத்தில் உங்கள் மாநிலம் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது, மாலை மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும், அதுவும் திருமணம்தான், நீர் குற்றவாளிதான்' என்றது. சபாஷ். ஆனால் அந்த 7ஏ எங்கிருந்து வந்தது? சுயமரியாதைத் திருமணத்துக்காக 1967இல் வந்தது. புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் ஊர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டவர்கள் அதற்கு நாற்பது ஆண்டு முன்பிருந்தே இருந்தார்கள். நடுவில் 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருமணம் செல்லாது என்றே சொன்னது. அப்போதும் ஜனங்கள் நிறுத்தவில்லை. சமூகம் முன்னால் நடந்தது, சட்டம் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தது.

இன்னொன்று. இந்தக் குற்றத்துக்குப் பொதுவாகப் போலீஸ் தானாக வந்து யாரையும் பிடிக்க முடியாது. மனைவி புகார் கொடுக்க வேண்டும், அல்லது அவர் சார்பில் அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் போன்றவர்கள் கொடுக்க வேண்டும். அப்படியானால் அந்த ஏழாண்டுச் சிறையின் சாவி யார் கையில்? அழுதுகொண்டு வந்து நிற்கும் மகளைப் பார்த்து, 'உள்ளே வாம்மா, பார்த்துக்கலாம்' என்று சொல்கிற அப்பா கையில். 'ஆம்பளைன்னா அப்படித்தான், அனுசரிச்சுப் போ' என்று அவர் சொல்லிவிட்டால் 494 வெறும் எண்.

சரி, என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையொட்டி எடுத்த கணக்கில் பலதார மணம் இந்துக்களிடம் 5.8 சதவீதம், முஸ்லிம்களிடம் 5.7, பழங்குடிகளிடம் 15 சதவீதத்துக்கும் மேல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவருக்கு வேறு மனைவி இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்துக்களில் 1.3, முஸ்லிம்களில் 1.9, பழங்குடிகளில் 2.4 சதவீதம். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், புள்ளி கணக்கில் சண்டை வேண்டாம். ஆனால் திசையைப் பாருங்கள். இந்துக்களுக்குத் தடைச் சட்டம் உண்டு, குறைந்தது. முஸ்லிம் தனிச்சட்டம் நால்வர் வரை இடம் கொடுக்கிறது, அங்கேயும் குறைந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் பழங்குடிகளைத் தொடவே இல்லை, அங்கே இன்னும் வேகமாகக் குறைந்தது. மருந்து குடிக்காதவனுக்கும் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அப்புறம் மருந்துக்கு மட்டும் மாலை போட்டால் எப்படி?

இறக்கியது எது? பெண் பள்ளிக்கூடம் போனாள். கையில் சம்பளம் வந்தது. பிள்ளை இல்லையென்றால் 'அவளுக்குத்தான் குறை' என்று முடிவு கட்டாமல் இருவரும் டாக்டரிடம் போனார்கள். 'நீங்கள் அவர்களிடையே நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தி போதும்' என்ற குர்ஆன் வசனத்தைப் பெண்களே எடுத்து வாதாடினார்கள். எழுதிய சட்டம் எப்போதும் பெண் பக்கம் நிற்கும் என்றும் நம்பாதீர்கள். கோவாவின் 1880ஆம் ஆண்டு ஆணையை எடுத்துப் படியுங்கள். மனைவிக்கு முப்பது வயதாகியும் ஆண் பிள்ளை இல்லையென்றால் இந்து ஆண் இன்னொருத்தியைக் கட்டலாம் என்று அதில் இருக்கிறது. எழுதி வைத்தது சட்டம்தானே?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாம் திருமணம் கூடாது என்கிற அரசு ஊழியர் நடத்தை விதி வேலை செய்கிறது. ஜெயிலுக்குப் பயப்படாதவன்கூட பென்ஷனுக்குப் பயப்படுவான்.

சட்டமே இல்லாத காலத்துக்குப் போவோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன், மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவர் வேறு) விட்டுவிட்டு இன்னொருத்தி வீட்டில் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் போனார்கள். போனால் பொன் கிடைக்கும், யானை கிடைக்கும். பரணர் கேட்டது என்ன? பசித்து வரவில்லை, தேரில் ஏறி உன் மனைவியிடம் போ, அதுவே நீ எனக்குத் தரும் பரிசில் என்றார். அரிசில்கிழார் நகையே வேண்டாம் என்றார். வள்ளலின் வாசலில் நின்று அவன் குடும்பத்தைக் கேட்கிற துணிச்சல் எந்தப் பிரிவின் கீழ் வந்தது?

மணி அடித்துவிட்டீர்கள். அடுத்து வரும் அம்மாவுக்கு ஒரே கேள்வி: தடையே இல்லாத இடத்திலும் இது ஏன் குறைந்தது? அதற்குப் பதில் சொல்லிவிட்டு 494ஐ எடுங்கள்.