முதல் கால்வாசிக்குள் இருக்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். நான் கொண்டுவந்திருப்பதோ ஒரு குத்தகை ஒப்பந்தத்தின் கதை. பந்தை யார் பிடித்தார், யார் கோட்டைவிட்டார் என்பதெல்லாம் இதில் கொஞ்சம்தான் வரும். அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் அணி ஓர் ஊரில் தங்குவதும் கிளம்புவதும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் முடிவாகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நான் சொல்லும் ஃபுட்பால், தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கி ஓடும் அமெரிக்க ஆட்டம். அதன் பெரிய லீக் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். விஸ்கான்சின் மாநிலத்தின் சின்ன நகரமான கிரீன் பேயில் இருக்கும் பேக்கர்ஸ் மட்டும் பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி. லீக்கின் இன்றைய விதிப்படி இன்னொன்று அப்படி உருவாக முடியாது. மற்ற 31 அணிகளும் தனியார் சொத்து. ஊர்க்காரர்கள் 'நம்ம டீம்' என்று நெஞ்சைத் தட்டிக்கொள்ளலாம். ஆனால் உரிமையாளர் நினைத்தால், லீக்கின் உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதித்தால், அணியை மூட்டை கட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம்.

மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரம் இந்த வேதனையை இரண்டு முறை பார்த்தது. முதல் முறை 1988. சிகாகோவிலிருந்து 1960இல் அங்கு வந்து சேர்ந்திருந்த கார்டினல்ஸ் அணி, பேஸ்பால் அணியோடு மைதானத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தது. தனக்கென்று ஒரு ஸ்டேடியம் வேண்டும் என்று அதன் உரிமையாளர் பில் பிட்வில் கேட்டுப் பார்த்தார். பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை. அணி அரிசோனாவுக்குக் கிளம்பிவிட்டது.

இனி இப்படி ஆகக்கூடாது என்று நகரம் நினைத்தது நியாயம்தான். ஆனால் அடுத்து செய்த காரியம் விசித்திரமானது. கையில் அணியே இல்லாமல், கூரை போட்ட பெரிய ஸ்டேடியம் ஒன்றைப் பொதுப்பணத்தில் கட்டத் தொடங்கினார்கள். செலவு சுமார் 28 கோடி டாலர். கடன் பத்திரம் வெளியிட்டு, அதை அடைக்கவும் பராமரிக்கவும் மாநிலம் ஆண்டுக்கு 1.2 கோடி, நகரம் 60 லட்சம், பக்கத்து செயின்ட் லூயிஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 60 லட்சம் டாலர் கட்டுவது என்று ஏற்பாடு. 1993இல் லீக் இரண்டு புதிய அணிகளைச் சேர்த்தபோது ஒன்று நமக்குத்தான் என்று காத்திருந்தார்கள். சார்லட்டுக்கு ஒன்று, ஜாக்சன்வில்லுக்கு ஒன்று என்று போய்விட்டது.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது, கடன் தலைமேல் இருக்கிறது, ஆட ஆள் இல்லை. அந்த நேரத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ராம்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜியா ஃப்ரண்டியர் புது இடம் தேடுகிறார். அவர் பிறந்ததே செயின்ட் லூயிஸில். அவர் தரப்பு என்ன கேட்டாலும் நகரம் தலையாட்டும் நிலையில் இருந்தது. அப்படித் தலையாட்டியதில் உள்ளே வந்த ஷரத்து ஒன்றுதான் இன்றைய பேச்சின் கரு.

1995இல் ராம்ஸ் செயின்ட் லூயிஸுக்கு வந்தது. ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கு. ஆனால் பத்தாவது ஆண்டிலும் இருபதாவது ஆண்டிலும், அதாவது 2005இலும் 2015இலும், இந்த ஸ்டேடியம் லீக்கின் ஸ்டேடியங்களில் முதல் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். இருக்கைகள், சொகுசு அறைகள், ஸ்கோர்போர்டு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தவறினால் குத்தகை ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் கணக்காக மாறிவிடும். அணி விரும்பினால் கிளம்பலாம். 'இந்தத் தெருவில் இருக்கும் வீடுகளில் முதல் கால்வாசிக்குள் உங்கள் வீடு இருக்கும்வரைதான் நான் குடியிருப்பேன்' என்று வாடகைக்கு வந்தவர் எழுதி வாங்கிக்கொண்டது மாதிரி. வீட்டுக்காரர் வீட்டை நன்றாக வைத்திருந்தால் மட்டும் போதாது, தெருவில் யாரும் புது வீடு கட்டாமலும் இருக்க வேண்டும்!

தெருவிலோ எல்லோரும் கட்டினார்கள். 2009இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி நூறு கோடி டாலருக்கு மேல் செலவில் ஒன்றைத் திறந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க்கின் இரண்டு அணிகளுக்கும் சேர்த்து நியூ ஜெர்சியில் இன்னொன்று. 1995இல் பளபளவென்று இருந்த செயின்ட் லூயிஸ் கூரை மண்டபம், ஒரு செங்கல்கூட விழாமல், வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஏன் இப்படி ஸ்டேடியம் ஸ்டேடியம் என்று பறக்கிறார்கள்? என்எஃப்எல்லில் தொலைக்காட்சிப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. நுழைவுச்சீட்டு வசூலிலும் வெளியூர் அணிகளுக்கு ஒரு பங்கு போகிறது. ஆனால் சொகுசு அறைகள், ஸ்டேடியத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை, விளம்பரப் பலகைகள் ஆகியவற்றில் வரும் பணத்தின் பெரும்பகுதி உள்ளூர் அணிக்கே. பக்கத்து உரிமையாளரைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்க ஒரே வழி, அவரிடம் இல்லாத ஸ்டேடியம் நம்மிடம் இருப்பது. அதை ஊர்ப் பணத்தில் கட்ட முடிந்தால் இன்னும் சௌகரியம். இதில் 1986ஆம் ஆண்டு வரிச் சட்டமும் ஒரு வேடிக்கை செய்தது. தனியார் ஸ்டேடியங்களுக்கு, வட்டிக்கு வரிவிலக்கு உள்ள கடன் பத்திரம் போவதைத் தடுப்பதற்காக, கடனில் பத்து சதவீதத்துக்கு மேல் ஸ்டேடிய வருமானத்திலிருந்து அடைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். விளைவு தலைகீழ். வரிவிலக்கை விட மனமில்லாத நகரங்கள், அணியிடம் குறைவாக வாங்கிக்கொண்டு மீதியைப் பொது வரிப்பணத்திலிருந்து கட்டத் தொடங்கின.

சரி, ராம்ஸுக்கு வருவோம். ஆரம்ப ஆண்டுகளில் யாரும் ஷரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை; கவலைப்பட நேரமும் இல்லை. ஒருகாலத்தில் பலசரக்குக் கடையில் அலமாரி அடுக்கிய கர்ட் வார்னர் என்பவர் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரராக வந்து அந்த அணியைத் தூக்கி நிறுத்தினார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம். எதிரணி டென்னசி டைட்டன்ஸ். கடைசி நொடியில் சமன் செய்ய ஓடிவந்த ஆட்டக்காரரை, கோட்டுக்கு ஒரு கஜம் இருக்கும்போது மைக் ஜோன்ஸ் இழுத்துப் போட்டார். 23க்கு 16. இதில் இன்னொரு சங்கதி: டைட்டன்ஸும் ஸ்டேடியத் தகராறில் ஹூஸ்டனை விட்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் டென்னசிக்குப் போன அணி. ஊர் மாறிய இரண்டு அணிகள் மோதிக்கொண்ட இறுதி அது. நேரில் பார்த்தவர்களுக்கு அதெல்லாம் நினைவுக்கு வந்திருக்காது.

2005இன் சோதனையைச் சில திருத்த வேலைகளும் பேரமுமாகத் தாண்டிவிட்டார்கள். ஜார்ஜியா ஃப்ரண்டியர் 2008இல் காலமானார். 2010இல் அணி முழுவதுமாக ஸ்டான் குரோன்கி கைக்குப் போனது. இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து அணியின் ரசிகர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஆமாம், உங்கள் அணியின் உரிமையாளர் அவரேதான். இந்த மனிதர் மிசௌரிக்காரர். ஈனோஸ் ஸ்டான்லி என்ற அவர் முழுப்பெயரே செயின்ட் லூயிஸ் பேஸ்பால் வீரர்கள் இருவரின் நினைவாக வைத்தது. 1995இல் ராம்ஸை அந்த ஊருக்குக் கொண்டுவர உதவியவர்களில் அவரும் ஒருவர். வெளியூர்க்காரர் வந்து அணியைப் பறித்துக்கொண்டு போனார் என்று செயின்ட் லூயிஸ் மக்களால் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது.

2012இல் ஷரத்து கதவைத் தட்டியது. ஸ்டேடியத்தை நிர்வகித்த ஆணையம் 12.4 கோடி டாலரில் புதுப்பிக்கிறோம் என்றது. அணி முன்வைத்த திட்டத்துக்கு 70 கோடி ஆகும் என்று மதிப்பிட்டார்கள். விவகாரம் நடுவர் குழுவுக்குப் போனது. 2013 பிப்ரவரியில் மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவினர் அணியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். சட்டப்படி அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எழுதியிருந்ததைத்தான் படித்தார்கள். 70 கோடியை ஒரு பழைய கட்டடத்தில் கொட்ட நகரம் மறுத்தது. அதுவும் சரியான முடிவு என்பேன்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில் செய்தி வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் குரோன்கி 60 ஏக்கர் வாங்கியிருக்கிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1995இல் ராம்ஸ், ரெய்டர்ஸ் இரண்டும் போன பிறகு, அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் என்எஃப்எல் அணியே கிடையாது. அணி இல்லாத அந்த நகரம் லீக்குக்கு ரொம்பவே பயன்பட்டது. எந்த உரிமையாளரும் தன் ஊர் மேயரிடம், 'கட்டித் தராவிட்டால் லாஸ் ஏஞ்சல்ஸ் காத்திருக்கிறது' என்று ஜாடை காட்டினால் போதும். 2012இல் மினசோட்டா சட்டமன்றம் வைக்கிங்ஸ் அணிக்காகப் பணம் ஒதுக்கியபோதும் அந்தப் பேச்சு காற்றில் இருந்தது.

செயின்ட் லூயிஸ் சும்மா இருக்கவில்லை. ஆளுநர் ஜே நிக்சன் ஒரு குழு போட்டார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 110 கோடி டாலரில் புது ஸ்டேடியம், அதில் ஏறத்தாழ 40 கோடி பொதுப்பணம் என்று திட்டம் தயாரானது. நகரத்தின் பணத்தைச் செலவிடும் முன் மக்களிடம் வாக்கெடுக்க வேண்டும் என்று ஓர் உள்ளூர்ச் சட்டம் இருந்தது. 2015 ஆகஸ்டில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அணியைத் தக்கவைக்கும் அவசரத்தில், பணம் கட்டப்போகும் மக்களைக் கேட்கும் ஒரு கட்டத்தையே தாண்டிப் போனார்கள்.

எல்லாம் வீண். 2016 ஜனவரி 4 அன்று ராம்ஸ் இடமாற்ற விண்ணப்பம் கொடுத்தது. இந்த ஆற்றங்கரைத் திட்டத்தை ஏற்கும் எந்த அணியும் நொடித்துப் போகும் என்று அதில் எழுதியிருந்தார்கள். இருபது ஆண்டுகள் சீட்டு வாங்கிய ஊரைப் பற்றி இப்படி. எட்டு நாள் கழித்து ஹூஸ்டனில் உரிமையாளர்கள் ரகசிய வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆதரவு 30, எதிர்ப்பு 2. இடமாற்றக் கட்டணம் 55 கோடி டாலர் என்று நிர்ணயமானது. இங்கிள்வுட்டில் 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய ஸ்டேடியம் 2020இல் திறந்தது. 2022இல் அதே ஸ்டேடியத்தில் ராம்ஸ் சூப்பர் பவுல் வென்றது.

செயின்ட் லூயிஸில் ஆடுகளம் காலியானது, கடன் தவணை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது.

அப்புறம்தான் கதை யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பியது. 2017இல் நகரமும் கவுண்டியும் ஸ்டேடிய ஆணையமும் சேர்ந்து லீக்கின் மீது வழக்குப் போட்டன. குத்தகை ஒப்பந்தத்தைப் பிடித்துத் தொங்கினால் தோல்விதான் என்று வழக்கறிஞர்களுக்குத் தெரியும். அவர்கள் எடுத்தது லீக்கே 1984இல் வகுத்த இடமாற்ற நெறிமுறைகளை. அணி தன் சொந்த ஊரில் தங்குவதற்கு நல்லெண்ணத்தோடு முயல வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை நம்பித்தானே ஆற்றங்கரைத் திட்டத்துக்கு 1.6 கோடி டாலருக்கு மேல் செலவழித்தோம் என்பது வாதம். தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழிகாட்டி என்று லீக் நினைத்திருந்தது, நீதிமன்றத்தில் அதன் கழுத்தைச் சுற்றியது. உரிமையாளர்களின் சொத்துக் கணக்கையே காட்டச் சொன்னார் நீதிபதி. 2022 ஜனவரியில் விசாரணை என்று நாள் குறித்த நிலையில், 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வழக்கறிஞர் கட்டணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. பிறகு பாகம் பிரித்ததில் நகரத்துக்கு 25 கோடி, கவுண்டிக்கு 16.9 கோடி.

இதை வெற்றி என்று சொல்வதா? பணக்கணக்கில் பார்த்தால், ஆமாம். ஆண்டுக்குப் பத்து நாள் நடக்கும் ஆட்டம் ஊருக்குப் பெரிய வளர்ச்சி எதையும் தருவதில்லை என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே அபூர்வமான ஒற்றுமை உண்டு. ஆனால் அப்பாவோடு போய் ஆட்டம் பார்த்தவருக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. இந்த விஷயத்தில் கிளீவ்லேண்ட் கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 1996இல் பிரௌன்ஸ் அணி பால்டிமோருக்குப் போனபோது, பெயரும் நிறமும் பழைய சாதனைகளும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று பேரம் பேசி எழுதி வாங்கியது. 1999இல் அதே பெயரில் புது அணி வந்தது. அந்த அணிக்கும் இப்போது ஸ்டேடியப் பிரச்சினை. புறநகரான புரூக் பார்க்குக்குப் போகிறேன் என்கிறது.

மிசௌரியிலும் கதை முடியவில்லை. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் இருக்கிறது. டல்லாஸிலிருந்து 1963இல் வந்த அணி. ஸ்டேடியத்துக்காக விற்பனை வரியை நீட்டிக்கலாமா என்று 2024 ஏப்ரலில் ஜாக்சன் கவுண்டி வாக்காளர்களிடம் கேட்டார்கள். இங்கே மக்களைக் கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். இரண்டே மாதத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் கான்சஸ் மாநிலம், ஸ்டேடியச் செலவில் 70 சதவீதம் வரை கடன் பத்திரம் மூலம் தரலாம் என்று சட்டம் போட்டது. 2025 டிசம்பரில், எல்லை தாண்டி கான்சஸுக்கே போவதாக அணி அறிவித்தது. 2031 பருவத்திலிருந்து அங்கே ஆட்டம்.

சில மைல் தூரம்தானே, ரசிகர்கள் காரில் போய்விடுவார்கள் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்தப் புதுக் குத்தகையைத்தான் படித்துப் பார்க்க வேண்டும். எத்தனை ஆண்டு என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். நான் தேடுவது உள்ளே எங்கோ வரும் பராமரிப்பு ஷரத்தை. பத்தாவது ஆண்டில் ஸ்டேடியம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள், அதை எதோடு ஒப்பிட்டு அளப்பார்கள், குறைந்தால் யார் பணம் போட வேண்டும்? கான்சஸ் வரி கட்டுபவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நீங்களும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். வணக்கம்.