கோலியாட் ஊரின் மார்ச்சும் மே மாதமும்

(திரையில்: டெக்சாஸ் வரைபடம். சான் அன்டோனியோ நகரில் இருந்து தென்கிழக்காக, ஆற்றோடு ஒரு கோடு இறங்கி வருகிறது.)

சிங்கோ தே மாயோ, அதாவது மே 5, மெக்சிகோ ஒரு சண்டையில் பிரெஞ்சுப் படையை வென்ற நாள். இந்தப் பெயரைக் கேட்டதும் அகலத் தொப்பி, டக்கீலா, சலுகை விலை பீர், இதெல்லாம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1980களில் இருந்து மதுக் கம்பெனிகள் கொட்டிய விளம்பரம் அப்படி. அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்ன ஊருக்குப் போவோம். பெயர் கோலியாட், 2000 பேர்கூட இல்லை. ஆனால் சிங்கோ தே மாயோ கொண்டாட்டத்துக்கு உரிய இடம் இதுதான் என்று 1999இல் டெக்சாஸ் சட்டமன்றமே இந்த ஊரை அங்கீகரித்தது.

காரணம், அந்த நாளின் நாயகன் பிறந்தது இங்கேதான். இக்னாசியோ சரகோசா, 1829 மார்ச் 24. அப்போது டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதி. அப்பா மெக்சிகோ படைவீரர், லா பாஹியா என்ற பழைய ஸ்பானியக் கோட்டையில் வேலை. கோட்டைக்குப் பக்கத்தில் கல்லால் ஆன சிறிய வீடு. இப்போது நாம் பார்ப்பது அதே இடத்தில் பிற்காலத்தில் திரும்பக் கட்டியது.

அதே 1829இல்தான் ஊருக்குப் பெயரும் மாறியது, அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மெக்சிகோ விடுதலைக்கு முதல் குரல் கொடுத்த பாதிரியார் மிகேல் ஹிதால்கோ. அவர் பெயரை ரோமன் எழுத்தில் எழுதுங்கள். முதலில் வரும் ஹெச் ஸ்பானிய மொழியில் ஒலிக்காது, அதை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஆறு எழுத்தைக் கலைத்து அடுக்கினால் கோலியாட்!

(திரையில்: எழுத்துகள் கலைந்து மறுபடி சேர்கின்றன. அடுத்து பூவெப்லா குன்றுகள், மழை.)

சரி, மே 5 அன்று என்ன நடந்தது? 1861இல் மெக்சிகோ அதிபர் பெனிதோ ஹுவாரெஸ், கஜானாவில் காசில்லாமல், வெளிநாட்டுக் கடனுக்குக் கட்ட வேண்டியதை இரண்டு வருடத்துக்கு நிறுத்தினார். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பல் அனுப்பின. முதல் இரண்டும் பேசி முடித்துத் திரும்பிவிட்டன. மூன்றாம் நெப்போலியனுக்கோ கடன் ஒரு சாக்குதான், நாடே வேண்டும். தலைநகரை நோக்கி நடந்த பிரெஞ்சுப் படையை 1862 மே 5 அன்று பூவெப்லா நகரில், லொரெத்தோ, குவாதலூப்பே என்ற இரண்டு குன்றுக் கோட்டைகளில் இருந்து சரகோசாவின் ஆட்கள் அடித்துத் திருப்பினார்கள். எதிரே நின்றது அன்றைய உலகத்தின் பெயர்பெற்ற படை, இவருக்கு வயது 33. அந்தச் செப்டம்பரிலேயே டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். மறு வருடம் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்படையோடு வந்து பூவெப்லாவைப் பிடித்தது தனிக் கதை.

(திரையில்: கோட்டை முற்றம், இரவு, மெழுகுவர்த்திகள்.)

கோலியாட் என்றால் டெக்சாஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சரகோசா இல்லை, ஒரு படுகொலை. 1836இல் டெக்சாஸ் மெக்சிகோவை எதிர்த்துக் கிளம்பியபோது, சரணடைந்த டெக்சாஸ் தரப்புக் கர்னல் ஃபானினின் ஆட்களில் 300 பேருக்கும் மேல் இதே லா பாஹியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாள் மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு. உத்தரவு போட்டவர் மெக்சிகோ ஜெனரல் சாந்தா அன்னா. 'கோலியாடை மறவாதே' என்பது அதற்கப்புறம் போர் முழக்கம் ஆனது. இப்போதும் மார்ச் கடைசியில் கோட்டையில் அந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள், இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். சரகோசாவின் பிறந்தநாளுக்கும் அந்தத் துக்கநாளுக்கும் காலண்டரில் மூன்று நாள்தான் இடைவெளி.

அப்படியென்றால் மார்ச்சில் மெக்சிகோவால் செத்தவர்களுக்கு அழுதுவிட்டு, மே மாதம் மெக்சிகோ ஜெனரலுக்கு மாலை போடுகிறார்களா என்று கேட்கலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். சரகோசாவின் அம்மா சான் அன்டோனியோவின் செகீன் குடும்பத்தில் இருந்து வந்தவர். அந்தக் குடும்பத்து ஹுவான் செகீன் டெக்சாஸ் பக்கம் நின்று சாந்தா அன்னாவை எதிர்த்துப் போரிட்டவர். சரகோசாவும் 1850களில் ஆயுதம் எடுத்தது அதே சாந்தா அன்னாவின் ஆட்சியைக் கவிழ்க்கத்தான்! இரண்டு தரப்புக்கும் வில்லன் ஒரே ஆள். இதைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்துச் சொன்னால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. ஊர் நடுவில், நீதிமன்றத்துப் புல்வெளியில் ஒரு பெரிய ஓக் மரம், பெயரே தூக்கு மரம். 1857இல், கடற்கரையில் இருந்து சரக்கு இழுத்த மெக்சிகோ வம்சத்து மாட்டுவண்டிக்காரர்கள் குறைந்த கூலிக்கு ஓட்டுகிறார்கள் என்று வெள்ளைக்கார வண்டிக்காரர்களுக்கு ஆத்திரம். வண்டிகளை உடைத்தார்கள், சரக்கைத் திருடினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். ஏறக்குறைய 70 பேர் இறந்ததாகவும், சிலரை இந்த மரத்திலேயே தொங்கவிட்டதாகவும் அங்கே இருக்கும் பலகை சொல்கிறது. இந்த ஊரில் ஒரு மெக்சிகோ விழா நடக்கிறதென்றால் அதை வெறும் கேளிக்கையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

(திரையில்: வெட்டுக் காகிதத் தோரணம், அக்கார்டியன் வாசிக்கும் விரல்கள்.)

டெக்சாஸின் மெக்சிகோ சமூகத்தில் இப்படிப்பட்ட விழாக்களை நடத்தி வளர்த்ததில் முத்துவாலிஸ்தா என்ற பரஸ்பர உதவிச் சங்கங்களுக்குப் பெரிய பங்கு. மாதம் கொஞ்சம் சந்தா. வீட்டில் யாராவது படுத்துவிட்டால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு. மெக்சிகோ வம்சத்துப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் உட்காரவைத்த காலம் அது. 1948இல் டெக்சாஸின் பாஸ்ட்ராப் பள்ளி வழக்கின் தீர்ப்பு வந்துதான் அது சட்டப்படி தவறு என்றானது. பகலில் பிணம் தூக்க வந்த அதே ஆட்கள்தான் விழாவுக்குப் பந்தலும் போட்டார்கள். அதனால்தானோ என்னவோ, இன்றும் இந்த மாதிரி ஊர்களில் விழா என்றால் முதல் வேலை சமையல்தான். சோள மாவைப் பூசி, கறி வைத்து, சோளத் தோகையில் மடித்து வேகவைக்கும் தமாலே ஒருவர் செய்கிற பண்டமே இல்லை, பாட்டி முதல் பேத்தி வரை மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். அப்புறம் மரியாச்சி இசை, பாவாடை சுழலும் நாட்டுப்புற நடனம், அட்டையில் பீன்ஸ் விதை வைத்து ஆடும் லொத்தேரியா.

கோட்டைக்கு அருகில், 1980இல் மெக்சிகோவில் இருந்து பரிசாக வந்த சரகோசாவின் வெண்கலச் சிலை நிற்கிறது. கொஞ்ச தூரத்திலேயே ஃபானின் ஆட்களைப் புதைத்த இடம், நடந்தே போய்விடலாம்.

போனால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மே 5 அன்று யாரையாவது பார்த்து 'மெக்சிகோ சுதந்திர தின வாழ்த்துகள்' என்று சொல்லிவிடாதீர்கள். அது செப்டம்பர் 16. அந்த நாளுக்கு உரியவரைத்தான் இந்த ஊர் எழுத்தைக் கலைத்துத் தன் பெயருக்குள் வைத்திருக்கிறது.