முகத்தைக் கட்டிக்கொண்ட பிள்ளை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பனியனைத் தலைவழியே பாதி இறக்கி, கழுத்துப் பட்டைக்குள் கண்கள் மட்டும் தெரியும்படி நிறுத்தி, பனியனின் இரண்டு கைகளையும் பிடரியில் முடிச்சிட்டுக்கொண்டு, சுவரோரமாகவே நடமாடும் பிள்ளைகள் இப்போது மதுரையில் தெருவுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். கேட்டால், தான் நிஞ்ஜா என்பார்கள். இந்தச் சேட்டையை வளர விடலாமா என்று தாய்மார்கள் கவலையோடு கேட்கிறார்கள். தாராளமாக விடலாம் என்பதே என் கருத்து.

நிஞ்ஜாக்கள் என்போர் ஜப்பானில் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நடந்த உள்நாட்டுப் போர்களின்போது ஒற்றறிவதற்கும், பகைவர் கோட்டைக்குள் ஓசையின்றி நுழைவதற்கும் அமர்த்தப்பட்டவர்கள். இகா, கோகா என்னும் பகுதிகள் அவர்களுக்குப் பேர்போனவை. கறுப்பு உடையும் முகமூடியும் பெரும்பாலும் பிற்கால ஓவியங்களும் நாடக மேடையும் தந்த தோற்றம். உண்மையில் அவர்கள் துறவியாகவும், வணிகராகவும், தெருக்கூத்தாடியாகவும் வேடமிட்டு ஊருக்குள் திரிந்தார்கள். சித்திரையில் கண்டாங்கிப் பட்டுடுத்தி, நேரிக்கம்பு ஏந்தி, கள்ளர் திருக்கோலத்தில் மலையிலிருந்து புறப்பட்டு வரும் அழகரை அப்பாவின் தோளில் அமர்ந்து பார்த்த நம் ஊர்ப் பிள்ளைக்கு, வேடம் பூண்டால் வேறொருவராகலாம் என்பதை யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த விளையாட்டை வெறும் ஆட்டம் பாட்டம் என்று நினைப்பவர்கள், அதைச் சற்று அருகிலிருந்து கவனிக்க வேண்டும். திண்ணையில் அப்பத்தா மல்லிகைப்பூக் கட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் நிலைப்படியிலிருந்து நிஞ்ஜா புறப்படுகிறான். அவருக்குத் தெரியாமல் முறத்திலிருந்து ஒரு மொட்டை எடுத்துவர வேண்டும். அதுதான் அவன் ஏற்ற பணி. குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் மெல்லப் பாரத்தை இறக்கி, கொலுசு போட்ட தங்கையைக் கண்ணாலேயே அதட்டி நிறுத்திவிட்டு, அப்பத்தாவின் விரல்கள் நாரை முடிச்சிடும் நேரத்தில் மட்டும் ஓர் அடி நகர்கிறான். நார் நின்றால் அவனும் நிற்கிறான், மூச்சையும் பிடித்துக்கொண்டு. சற்றுமுன் கதவைப் படாரென்று சாத்தியதற்கு ஏச்சு வாங்கியவனும் இவன்தான்.

‘சத்தம் போடாதே’ என்று நாம் நாள் முழுக்கச் சொல்லியும் வராத அடக்கம், வேடம் கட்டியதும் எங்கிருந்து வந்தது? ரஷ்ய உளவியலாளர் விகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில், விளையாடும் குழந்தை தன் அன்றாட நடத்தையைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்றார். ஏற்ற பாத்திரத்துக்கென்று விதிகள் உண்டு. அவற்றுக்குக் குழந்தை தானாகவே கட்டுப்படுகிறது. பின்னர் மனுயிலெங்கோ என்ற சோவியத் ஆய்வாளர், அசையாமல் நிற்கும்படி பிள்ளைகளிடம் வெறுமனே சொல்லிப் பார்த்தார். பிறகு காவல்காரராக நடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். நடித்தபோது ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் வெகுநேரம் நின்றார்கள். அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், சலிப்பூட்டும் வேலை ஒன்றைத் தமக்குப் பிடித்த கதைநாயகராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு செய்த நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள், தாமாகவே இருந்து செய்தவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். அதற்காக வீட்டுப்பாடம், பால் குடிப்பது எல்லாவற்றையும் நிஞ்ஜாவின் தலையில் கட்டிவிட நினைக்காதீர்கள். இரண்டாம் நாளே பிள்ளை நம் தந்திரத்தைக் கண்டுகொள்ளும்.

இன்னொரு வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை இப்படிக் குதிப்பதைக் கண்டதும் கராத்தே வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கராத்தே நல்ல பயிற்சிதான். ஆனால் அங்கே விதி ஆசிரியருடையது, வீட்டில் விதி பிள்ளையுடையது. நாள்காட்டியில் கிழித்த இரண்டு தாள்களை நீளவாக்கில் மடித்து, முனைகளை எதிரெதிராகத் திருப்பி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நான்கு முனை நட்சத்திரம் ஒன்றை அவன் செய்துகொள்கிறான் அல்லவா, அந்த ஆயுதத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு, அது பட்டவர் எத்தனை எண்ணும்வரை எழக்கூடாது என்பதையெல்லாம் அவனே வகுக்கிறான்.

சண்டைக் குணம் வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. விளையாட்டுச் சண்டையில் பிள்ளைகள் சிரிப்பார்கள். துரத்தியவர் அடுத்த முறை தாமே ஓடுவார். சிரிப்பு நின்று, ஒரே பிள்ளை மீண்டும் மீண்டும் அடிபட்டால், அப்போது பெரியவர்கள் உள்ளே போகலாம்.

கழுத்தைச் சுற்றித் துணியையோ கயிற்றையோ கட்ட விடாதீர்கள். மொட்டைமாடியின் கைப்பிடிச்சுவர் பக்கம் போகவே கூடாது. இதை அதட்டலாகச் சொல்வதைவிட, ‘தரையைவிட்டு மேலே ஏறும் நிஞ்ஜா அன்றைக்குப் பிடிபட்டவன்’ என்று ஆட்ட விதியாகவே சொல்லிவையுங்கள். தங்கை ஏறினால்கூட அவனே முதலில் கீழே இறக்கிவிடுவான்.

நன்றி, வணக்கம்.